ஸ்ட்ரைக், திதி, நடுவில் அம்மா

ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை.

போன வாரம் ஆபீஸ்ல ஒரு தம்பி வந்து நின்னார். ஊருக்குப் போக டிக்கெட் போட்டாச்சு, நடுவுல விமானம் மாறுற ஊர்ல பைலட்டுங்க ஸ்ட்ரைக் பண்ணப் போறதா செய்தி வருது. "சார், பேசாம கேன்சல் பண்ணிட்டு வேற டிக்கெட் வாங்கிடவா?"ன்னு கேட்டார். அரை மணி நேரம் பதில் சொன்னேன். 'இவர்கிட்ட ஏன்டா கேட்டோம்' என்கிற பார்வை அவர் கண்ணில் வந்ததும் நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன். தப்பிக்க உங்களுக்கு மேலே ஒரு பட்டன் இருக்கு, அவருக்கு அது இல்லை :-)

என் கட்சி இதுதான். ஸ்ட்ரைக் வரும் என்று செய்தி வந்தவுடன் அவசரப்பட்டு தானே கேன்சல் செய்கிறவர்தான் முதலில் நஷ்டப்படுகிறார். சும்மா உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது. ஸ்ட்ரைக்கை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. டிக்கெட் வாங்கும்போதே கொஞ்சம் இடைவெளி விட்டு வாங்கியிருந்தால் அதை நம் வீட்டு வாசலோடு நிறுத்திவிடலாம். தனியாக வரும் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் இதை இரண்டு தடவை படிக்கவும்.

இப்போ கொசுவத்தி சுத்துறேன்.

அப்பா போன பிறகு அம்மா ஸ்ரீரங்கத்து வீட்டில் தனியா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமே என்று நியூஜெர்சிக்குக் கூட்டி வந்திருந்தேன். ஆறு மாசம் முடியும்போது அப்பாவோட முதல் வருஷ திவசம். அண்ணன் அம்மா மண்டபத்துப் பக்கத்தில் எல்லாம் ஏற்பாடு செய்தாச்சு. அம்மா வந்த ரவுண்ட் ட்ரிப் டிக்கெட்டின் திரும்புகிற பாதி கையில் இருந்தது. வியாழன் சாயங்காலம் நெவார்க்கில் ஏறி, வெள்ளி காலை ஐரோப்பாவில் ஒரு ஊரில் மாறி, அன்றைக்கே நள்ளிரவு சென்னை. சனிக்கிழமை காலை திருச்சிக்கு உள்ளூர் விமானம், அது தனியாக வாங்கினது. செவ்வாய்க்கிழமை திதி. (கம்பெனி பேர் வேண்டாம். ஊர் பேரைச் சொன்னால் கம்பெனி பேர் தானாகத் தெரிந்துவிடும், அதனால் அதுவும் வேண்டாம்.)

கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது தங்கமணி செய்தி படித்துவிட்டு வந்து நின்றாள். அந்தக் கம்பெனியின் பைலட்டுகள் ஓட்டெடுப்பு நடத்தி ஸ்ட்ரைக்குக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்களாம். எந்தத் தேதி என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பத்து நிமிஷத்தில் அண்ணன் போன். "என்னடா, பிளேன்காரன் ஸ்ட்ரைக்காமே? அம்மா வராம எப்படிடா?" திதியைத் தள்ளிப்போட முடியாது. கல்யாணத்துக்காவது அடுத்த முகூர்த்தம் பார்க்கலாம், திதிக்கு என்ன செய்ய?

உடனே வேறு டிக்கெட் பார்த்தேன். 1,400 டாலர், ஒரு வழிக்கு. இரண்டு தடவை கார்டு நம்பர் வரைக்கும் போய்விட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டால், "இன்றைய தேதிக்கு உங்கள் விமானம் கிளம்புகிறது. நீங்களாக மாற்றினால் அபராதம், கட்டண வித்தியாசம் இரண்டும் கட்டவேண்டும்" என்று பதில். எரிச்சலாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில்தான் சூட்சுமமே இருக்கிறது.

கம்பெனி விமானத்தை ரத்து செய்கிற வரைக்கும், மாற்ற நினைப்பது நீங்கள். அதனால் செலவு உங்களுடையது. கம்பெனி ரத்து செய்துவிட்டாலோ, 'இந்தத் தேதிகளுக்கு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம்' என்று அறிவித்துவிட்டாலோ, செலவு அவர்களுடையது. இரண்டுக்கும் நடுவில் சில சமயம் ஒரே ஒரு ராத்திரிதான் வித்தியாசம். அந்த ஒரு ராத்திரி பொறுக்காமல் பணத்தை விடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கும் பல வருஷம் முன்னால் நானே அப்படி விட்டவன். அந்தத் தடவை ஸ்ட்ரைக் நடக்கவே இல்லை. என் பழைய டிக்கெட்டின் விமானம் நான் இல்லாமல் ஜாலியாகப் பறந்துபோனது. அவ்வ்வ்வ்.

அறிவித்த ஸ்ட்ரைக் எல்லாம் அறிவித்தபடி நடப்பதில்லை. 2009 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கேபின் ஊழியர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் 12 நாள் ஸ்ட்ரைக் என்றார்கள். ஓட்டெடுப்பு சரியில்லை என்று கோர்ட் தடை போட்டது, நடக்கவில்லை. அதோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை, 2010 மார்ச்சில் நடந்தது. 2010 பிப்ரவரியில் லுஃப்தான்ஸா பைலட்டுகள் நாலு நாள் என்று ஆரம்பித்து ஒரே நாளில் நிறுத்திவைத்தார்கள். 2024 செப்டம்பரில் ஏர் கனடா பைலட்டுகள் விஷயத்தில் கடைசி நேரத்தில் உடன்பாடு வந்துவிட்டது. அதே ஏர் கனடாவில் 2025 ஆகஸ்டில் கேபின் ஊழியர்கள் நிஜமாகவே வேலையை நிறுத்தினார்கள். 2019 செப்டம்பர் 9, 10 இரண்டு நாளும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பைலட் ஸ்ட்ரைக்கில் கிட்டத்தட்ட எல்லா விமானமும் ரத்து. நம்ம ஊரில் ஏர் இந்தியா பைலட்டுகள் 2012-இல் 58 நாள் வேலைக்கு வரவில்லை. ஆக, நடக்கும் என்றும் நம்ப முடியாது, நடக்காது என்றும் நம்ப முடியாது.

எவ்வளவு முன்னால் சொல்வார்கள் என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் 72 மணி நேரம் முன்னால் நோட்டீஸ் கொடுக்கணும். ஜெர்மனியில் சட்டப்படி இத்தனை நாள் என்று ஒன்றும் கிடையாது, ஒன்றிரண்டு நாள் முன்னால்தான் தெரியவரும். இத்தாலியில் கோடை விடுமுறை உச்சத்தில், ஜூலை 27-லிருந்து செப்டம்பர் 5 வரை, விமானத் துறையில் ஸ்ட்ரைக் கூடாது. மற்ற நாட்களிலும் காலை 7 முதல் 10, சாயங்காலம் 6 முதல் 9 கிளம்புகிற விமானங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். எந்த ஊரில் மாறுகிறீர்களோ அந்த ஊர் வழக்கத்தைத் தெரிந்துகொண்டால், எத்தனை நாள் நகத்தைக் கடிக்கணும் என்பதாவது தெரியும்.

சரி, கதைக்கு வர்றேன். அடுத்த நாலைந்து நாள் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை, அம்மாவைத் தவிர. அம்மா மட்டும் நிம்மதியாக ஊருக்குக் கொண்டுபோக பாதாம் பருப்பை பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஒருநாள் போனை வைத்துவிட்டு அந்தப் பைலட்டுகளைக் கண்டபடி திட்டினேன். எவ்வளவு சம்பளம் வாங்குறானுங்க, இவனுங்களுக்கு என்ன குறைச்சல், இத்யாதி இத்யாதி.

அம்மா தலையைத் தூக்காமலேயே சொன்னார். "உங்கப்பாவையும் அப்படித்தான்டா சொன்னாங்க."

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். 1974 மே மாசம் நாடு முழுக்க நடந்த ரயில்வே ஸ்ட்ரைக்கில் கலந்துகொண்டவர். இருபது நாள். நான் அப்போ பிறக்கவில்லை, அண்ணன் கைக்குழந்தை. அந்த நாளில் ரயில் இல்லாமல் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக முடியாமல் எத்தனையோ பேர் பிளாட்பாரத்தில் நின்றிருப்பார்கள். அவர்கள் வாயில் அப்பா எப்படியெல்லாம் விழுந்திருப்பார்! அம்மா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. "அவங்களும் பொழைப்புக்குத்தானே செய்யறாங்க. நீ வழி என்னன்னு பாரு" என்றதோடு சரி. நான் ஙே.

அன்றையிலிருந்து திட்டுவதை நிறுத்திவிட்டேன். திட்டினால் டிக்கெட் மாறாது என்பது ஒரு காரணம். அப்பாவோட திவசத்துக்குப் போகிற வழியில் ஸ்ட்ரைக் பண்ணுகிறவனைத் திட்டுவது நன்றாக இல்லை என்பது இன்னொன்று.

திங்கட்கிழமை காலை தேதி வந்துவிட்டது. வியாழன், வெள்ளி, இரண்டு நாள். இரண்டு மணி நேரத்தில் கம்பெனியும் அறிவித்தது: அந்தத் தேதிகளில் டிக்கெட் இருப்பவர்கள் அபராதமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். இங்கேதான் ஓடணும் மக்களே! பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அதே போன் நம்பரை அழுத்துவார்கள். காலி சீட்டோ கொஞ்சம்தான்.

நான் வெப்சைட்டில், தங்கமணி போனில். நான் வெற்றிப் பெருமிதத்தோடு, "புதன்கிழமை சாயங்காலம் சீட்டு இருக்கு, ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள், போட்டுடறேன்" என்றேன். தங்கமணி போனைக் காதிலிருந்து எடுக்காமல், "புதன் சாயங்காலம் இங்கே ஏறினா அங்கே எப்போ இறங்குவாங்க?" என்றாள்.

வியாழன் காலை. ஸ்ட்ரைக் அன்றைக்கு.

பூரிக்கட்டை பறக்கவில்லை, அதுவே பெரிசு. ஆனால் இது எல்லோரும் செய்கிற தப்பு. நாம் இங்கே எந்தத் தேதி ஏறுகிறோம் என்பது கணக்கே இல்லை. ஸ்ட்ரைக் நடக்கிற ஊரை, அந்த ஊர்க் கடிகாரப்படி, எந்த நேரத்தில் கடக்கிறோம் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவிலிருந்து கிழக்கே போகிற விமானங்கள் பெரும்பாலும் ராத்திரி முழுக்கப் பறந்து மறுநாள் இறங்குபவை. முந்தின நாள் என்று நினைத்து ஏறுவீர்கள், நட்ட நடுவில் போய் இறங்குவீர்கள்.

ஸ்ட்ரைக் முடிந்த மறுநாளும் அப்படித்தான். சென்னையிலிருந்து நடுராத்திரி தாண்டிக் கிளம்பும் ஐரோப்பிய விமானம் என்பது, முந்தின நாள் ஐரோப்பாவிலிருந்து வந்த அதே விமானம். அது வரவில்லை என்றால் இதுவும் போகாது. பைலட், பணிப்பெண், விமானம் மூன்றும் வேறு வேறு ஊரில் சிதறிக் கிடக்கும். 2025-இல் ஏர் கனடா ஸ்ட்ரைக் 16-ஆம் தேதி ஆரம்பித்தது, ஆனால் 14-ஆம் தேதியே ரத்துகள் ஆரம்பித்துவிட்டன. முடிந்த பிறகும் பழைய நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று கம்பெனியே சொன்னது. அதனால் இரண்டு நாள் ஸ்ட்ரைக் என்றால், முன்னால் ஒரு நாள், பின்னால் இரண்டு நாள் சேர்த்து ஐந்து நாளாக எண்ணிக்கொள்ளவும்.

செவ்வாய்க்கிழமை விமானம் நிறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது, அவர்களோடு ஒப்பந்தம் உள்ள இன்னொரு கம்பெனியில், வேறு நாட்டு வழியாக, புதன்கிழமை. முதலில் கொடுத்ததில் நடுவில் மாற 1 மணி 10 நிமிஷம். "சட்டப்படி இது போதுமான நேரம்" என்றார் போனில் இருந்த அம்மணி. சட்டத்துக்குப் போதும். வீல்சேருக்காகக் கடைசி ஆளாக இறங்கும் 70 தாண்டிய என் அம்மாவுக்குப் போதாது. இன்னொரு விமான நம்பரை நாங்களே வெப்சைட்டில் பார்த்து வைத்திருந்தோம், 3 மணி 50 நிமிஷ இடைவெளி. அதைச் சொன்னோம், போட்டுக் கொடுத்தார். போனில் மொத்தம் 2 மணி 40 நிமிஷம். அந்தக் காத்திருப்பு இசையை என் பெண் இப்பவும் பியானோவில் வாசிப்பாள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு பயந்து பயந்து செய்தோம் என்றால், ஆபீஸ் நண்பர் ஒருவரின் அப்பா கதை தெரியும். அவரும் இதே மாதிரி தனியாக வந்தவர், இதே மாதிரி ஒரு ஐரோப்பிய ஊரில் மாட்டினார். கம்பெனி நல்லபடியாக ஹோட்டலுக்குச் சீட்டு கொடுத்தது. ஆனால் ஹோட்டல் ஏர்போர்ட்டுக்கு வெளியே. அவர் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட். செல்லுபடியாகும் அமெரிக்க விசா கையில் இருந்தால், ஏர்போர்ட்டுக்குள்ளேயே விமானம் மாற ஷெங்கன் டிரான்சிட் விசா தேவையில்லை. உள்ளே மாற மட்டும்தான். வெளியே கால் வைக்க ஷெங்கன் விசா வேணும். பக்கத்து சீட்டு அமெரிக்கர் ஹோட்டலுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தார். இவர் இரண்டு ராத்திரி மடக்குக் கட்டிலில். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை எல்லாம் லக்கேஜில். லக்கேஜ் எங்கேயோ. போனில் சார்ஜ் இல்லை. நண்பர் இரண்டு நாள் ஆபீசில் எப்படி இருந்தார் என்று நான் பார்த்தேன்.

ஒரே ஸ்ட்ரைக்தான். பாஸ்போர்ட்டைப் பொறுத்து ஒருத்தருக்கு ஓசி ஹோட்டல், ஒருத்தருக்குச் சிறை. அதனால்தான் சொல்கிறேன், வெள்ளைக்காரர்கள் எழுதும் 'ஸ்ட்ரைக் வந்தால் என்ன செய்யணும்' குறிப்புகள் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

சட்டம் என்ன தரும் என்பதையும் பார்த்துவிடலாம், நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்தக் கம்பெனிக்கும், வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கும் பொருந்தும். விமானம் ரத்தானால், காசைத் திருப்பி வாங்குவதா, வேறு வழியில் போய்ச் சேருவதா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை பயணிக்கு. காத்திருக்கும்போது சாப்பாடு, தேவைப்பட்டால் தங்க இடம். ரத்துக்குக் காரணம் எதுவானாலும் இவை உண்டு. அதற்கு மேல் நஷ்டஈடு, 3,500 கிலோமீட்டர் தாண்டிய தூரப் பயணத்துக்கு 600 யூரோ வரை. இது மட்டும் காரணத்தைப் பொறுத்தது. 14 நாளுக்கு முன்பே சொல்லிவிட்டால் கிடையாது. ஸ்ட்ரைக் என்றால் 'எங்கள் கைமீறிய காரணம்' என்று கம்பெனிகள் கையை விரித்துக்கொண்டிருந்தன. 2019-இல் எஸ்.ஏ.எஸ். பைலட்டுகள் செய்த ஸ்ட்ரைக் பற்றிய வழக்கில், 2021 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சொந்த ஊழியர்களின் யூனியன் சம்பளத்துக்காக முறைப்படி செய்யும் ஸ்ட்ரைக் கைமீறிய காரணம் ஆகாது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் செய்தால் கதை வேறு, அவர்கள் கம்பெனி ஆட்கள் இல்லையே. இந்த விதிகளை மாற்றணும் என்று 2025-இல் பெரிய பேச்சு ஓடியது, அதனால் நீங்கள் போகும்போது என்ன நிலைமை என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளவும்.

அமெரிக்காவில் ரத்தான விமானத்துக்குக் காசு திரும்ப வரும், 2024-இல் அந்த விதியைக் கறாராக்கினார்கள். ஆனால் திரும்பி வந்த காசில் அன்றைக்கு வேறு டிக்கெட் வாங்க முடியாது. விலை மூன்று மடங்கு ஆகியிருக்கும். அதனால் கம்பெனி 'ரீஃபண்ட் வேண்டுமா' என்று அன்பாகக் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். வாங்கிக்கொண்டால் உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்பு அவர்களுக்கு முடிந்தது. திதி, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று போகிறவர்கள் கேட்கவேண்டியது மாற்று விமானம். நம்ம இந்திய விதிகளில் ஸ்ட்ரைக்கும் தொழில் தகராறும் கைமீறிய காரணப் பட்டியலில் இருக்கிறது, நஷ்டஈட்டை மறந்துவிடலாம்.

புதன்கிழமை நெவார்க் கவுன்ட்டர். "புக்கிங் இருக்கிறது, டிக்கெட் இல்லை" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். எனக்கு முதலில் புரியவே இல்லை. போனில் சீட்டை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஆனால் இ-டிக்கெட்டைப் புதிதாக எழுதித் தரவில்லை. அது இல்லாமல் ஏற்ற மாட்டார்கள். அங்கேயும் இங்கேயும் பேசி முடிக்க 45 நிமிஷம். பழைய புக்கிங்கில் கேட்டு வைத்திருந்த வீல்சேரும் சைவச் சாப்பாடும் மாற்றும்போது கீழே விழுந்துவிட்டன. வீல்சேரை அங்கேயே கேட்டு வாங்கினோம். சாப்பாட்டுக்கு நேரம் கடந்துவிட்டது. அம்மா கவலைப்படவே இல்லை. தங்கமணி கட்டிக்கொடுத்த புளியோதரை கைப்பையில் இருந்தது.

அம்மா அட்லாண்டிக் மேலே இருக்கும்போது செய்தி வந்தது. பேச்சுவார்த்தையில் முன்னேற்றம், ஸ்ட்ரைக் வாபஸ்!

அண்ணன் போனில் சிரித்தான். "இதுக்காடா இவ்வளவு ஆட்டம் போட்டே?" நான் பழைய விமானத்தின் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ரத்து. ஸ்ட்ரைக் வாபஸ் ஆனாலும், அதற்குத் தயாராக அவர்கள் ஏற்கெனவே வெட்டிவிட்ட விமானங்கள் அத்தனையும் உடனே உயிர்த்தெழவில்லை. அம்மா அந்த டிக்கெட்டோடு காத்திருந்தால் எப்போது ஏறியிருப்பார் என்று தெரியாது. அதன் பிறகுதான் அண்ணன் சிரிப்பை நிறுத்தினான்.

நஷ்டமே இல்லையா என்றால் உண்டு. தனியாக வாங்கிய அந்தத் திருச்சி விமானம். அது வேறு கம்பெனி, வேறு டிக்கெட். அம்மா வருகிற நாள் மாறியது அவர்கள் பிரச்சனை இல்லை. நாலாயிரம் ரூபாய் காந்தி கணக்கு. அண்ணன் காரை எடுத்துக்கொண்டு மீனம்பாக்கத்துக்கே வந்துவிட்டான். இதுவே பெரிய தூரத்தில் நடந்திருந்தால்? லண்டன் வரைக்கும் ஒரு டிக்கெட், அங்கேயிருந்து சென்னைக்கு இன்னொரு டிக்கெட் என்று வெட்டி ஒட்டினால் 200 டாலர் மிச்சம் என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் விமானம் வராவிட்டால் இரண்டாவது டிக்கெட் அனாதை. கேட்க நாதியில்லை. அது மிச்சம் இல்லை, பந்தயம். தனியாகப் போகிற வாலிபர்கள் ஆடலாம். அம்மாவை வைத்து ஆடக்கூடாது.

தம்பிக்குச் சொன்னது, உங்களுக்கும்:

1. கடைசி வரை ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். தனி டிக்கெட் தவிர்க்கவே முடியாது என்றால் நடுவில் ஒரு ராத்திரி விடவும்.

2. முக்கியமான நாளுக்கு மூன்று நாளாவது முன்னால் போய்ச் சேர்கிற மாதிரி வாங்கவும். இதற்குப் பெரும்பாலும் காசே ஆகாது, லீவுதான் ஆகும். எங்களைக் காப்பாற்றியது தங்கமணியின் மூளை பாதி, இந்த மூன்று நாள் பாதி.

3. நீங்களாகக் கேன்சல் செய்யாதீர்கள். ஒரு விமானத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். முதல் துண்டில் வரவில்லை என்றால் மிச்சம் எல்லாம், திரும்பி வருகிற டிக்கெட் உட்பட, ரத்தாகிவிடும்.

4. ஆனால் மாற்று வழிகளை, விமான நம்பரோடு, முன்பே எழுதி வைத்துக்கொள்ளவும். கதவு திறந்த உடனே 'இதைப் போடுங்க' என்று சொல்லத் தெரியணும். புது வழியில் உள்ள நாட்டுக்கு டிரான்சிட் விசா வேணுமா என்பதையும் அதிலேயே பார்த்து வைக்கவும்.

5. இணைய ஏஜென்ட்டிடம் வாங்கியிருந்தால், கம்பெனி 'ஏஜென்ட்டைக் கேள்' என்பான், ஏஜென்ட் 'கம்பெனியைக் கேள்' என்பான். பெரியவர்கள் டிக்கெட்டைக் கம்பெனியிடம் நேராக வாங்குவது நல்லது.

6. மாற்றிய பிறகு இ-டிக்கெட் நம்பர் வந்ததா, வீல்சேர் இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா? மூன்றையும் கேட்கவும்.

7. மாத்திரை, ஒரு மாத்துத் துணி, சார்ஜர், போன் நம்பர்கள் எழுதிய காகிதம், எல்லாம் கைப்பையில். புளியோதரையும்.

இன்ஷ்யூரன்ஸ் எடுத்தால் போதாதா என்று கேட்பீர்கள். செய்தி வந்த பிறகு வாங்கினால் பொதுவாக அந்த ஸ்ட்ரைக்குக்குச் செல்லாது. பற்றி எரிகிற வீட்டுக்கு யார் இன்ஷ்யூரன்ஸ் தருவார்கள்? கல்ஃப் வழியாகப் போனால் ஸ்ட்ரைக்கே கிடையாதே என்றும் கேட்பீர்கள். பெரும்பாலும் உண்மை. ஆனால் 2025 ஜூன் 23-ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியை மூடியபோது தோஹாவில் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு மாறாமல் போக வழியில்லை. மாறுகிற இடம் என்று ஒன்று இருந்தால் அங்கே மாட்டுவதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும்.

அதனால் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது நான் விலையை இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். முதல் கேள்வி: இந்த ஊரில் இரண்டு ராத்திரி மாட்டினால் இவர் என்ன செய்வார்? மொழி தெரியுமா, வெளியே போக முடியுமா, போன் போடத் தெரியுமா? பதில் பிடிக்கவில்லை என்றால் 200 டாலர் அதிகம் கொடுத்துவிடுகிறேன். அதை நான் வேறு எதிலாவது தண்டமாகத்தான் செலவழித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை திதி முடிந்து அம்மா போன் செய்தார். எல்லாம் நன்றாக நடந்ததா என்று கேட்டேன்.

"ம்ம். சாதம் வெச்ச உடனே காக்கா வந்துடுச்சுடா. உங்கப்பா அன்னிக்கு ஸ்ட்ரைக் பண்ணினவர்தானே, இன்னிக்கும் பண்ணிடுவாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார்.

வர்ட்டா?

டிஸ்கி: வக்கீல் யாராவது படித்துவிட்டுத் தப்பு கண்டுபிடித்தால் சொல்லவும், திருத்திவிடுகிறேன். தங்கமணி படித்துவிட்டுத் தப்பு கண்டுபிடித்தால் நான் எஸ்கேப்.